ஒரே சார்ஜில் ஓமலூர்

ஜூன் 9, திங்கள்

நீல வண்டியை இனி நான்தான் ஓட்டப் போகிறேன்.

காலையில் ரகுநந்தன் சார் எங்கள் எல்லோரையும் டெஸ்ட் கொட்டகைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து டயரில் காற்றுப் பார்ப்பதும், மற்றவர்கள் ஓட்டிவிட்டு வந்த வண்டியைத் துடைத்து சார்ஜில் போடுவதும்தான் என் வேலை. டிப்ளமோ படித்தது இதற்குத்தானா என்று அழுத நாளெல்லாம் உண்டு.

எங்கள் எலெக்ட்ரிக் பைக் அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. அதற்குள் போட்டிக் கம்பெனியின் வண்டியையும் எங்கள் வண்டியையும் ஒரே நாளில் ஒரே சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். எது சீக்கிரம் வேகமெடுக்கிறது, எது ஒரு சார்ஜில் அதிக தூரம் போகிறது என்று வீடியோ எடுக்கப் போகிறார்கள். எங்களுடையது நீலம், அவர்களுடையது கறுப்பு. பெயரைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்லித்தான் எல்லோரும் பேசுகிறோம்.

இதுவரை நீலத்தை ஓட்டியவர் பிரபாகர் அண்ணா. ஓசூரில் இரண்டு சக்கரத்தில் ஓடும் எதையும் ஓட்டிப் பார்த்தவர். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. அவரைக் கறுப்பு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். சார் அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்து, “ஹெல்மெட் புதுசு கேட்டு வாங்கிக்க பாப்பா, பழசு நாறும்” என்றார்.

இரவு சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் புளிக்குழம்பு. இன்றைக்கு அதுகூட நன்றாக இருந்தது.

ஜூன் 10

புது ஹெல்மெட், புது ஜாக்கெட். இரண்டும் இறகு மாதிரி இருக்கின்றன.

இனி தினமும் காலையில் எடை பார்க்க வேண்டுமாம். ஓட்டுகிறவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் என்கிறார் சார். நாற்பத்தைந்து கிலோ இருந்தேன். “இப்படியே மெயின்டெயின் பண்ணும்மா” என்றார். பிரபாகர் அண்ணாவை யாரும் எடை மெஷினில் ஏறச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வேலை செய்தவர் உடம்பில் அக்கறை இல்லை, என் உடம்பில் இருக்கிறது. பாவமாக இருந்தது.

ஜூன் 14, சனி

துணி துவைத்தேன். ஹாஸ்டலில் தண்ணீர் நின்றுவிட்டதால் ஜீன்ஸை அலசாமல் அப்படியே காயப்போட்டேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அக்கா பேசினாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு சிவகாமி அக்கா வீடுதான் எனக்குத் தாய்வீடு. விஷயத்தைச் சொன்னதும் மாதேஷ் மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“வினோ, டிவியில வருவியா?”

“யூட்யூப்ல வருவேன் மாமா.”

“அது போதும். லைன்ல இருக்கிற அத்தனை டீக்கடையிலும் போட்டுக் காட்டறேன்.”

மாமா பேக்கரியிலிருந்து பன், வர்க்கி, ரஸ்க் எடுத்துப்போய் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கத்து டீக்கடைகளுக்குப் போடுகிறவர். தினமும் காட்டு வழியாக மலை இறங்கி, மறுபடி ஏறி வர வேண்டும். பெட்ரோலுக்கே பாதி போய்விடுகிறது என்று அக்கா எப்போதும் புலம்புவாள்.

ஜூன் 18, புதன்

ஓமலூர்! ஒரே சார்ஜில் ஓமலூர்!

விடிந்ததும் கம்பெனி வாசலிலிருந்து கிளம்பினோம். நான் நீலத்தில், பிரபாகர் அண்ணா கறுப்பில். பின்னால் வீடியோ எடுப்பவர்களின் கார். அதற்கும் பின்னால், நின்றுபோன வண்டியை ஏற்றிவர ஒரு டாடா ஏஸ். சேலம் போகும் நான்குவழிச் சாலை. நாற்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்று இருவருக்கும் ஒரே விதி.

கிளம்பும் முன் ஓசூரிலேயே வேகப் போட்டியை முடித்துவிட்டோம். நின்ற இடத்திலிருந்து அறுபதைத் தொட வேண்டும். நான் தொட்டபோது பிரபாகர் அண்ணா இரண்டு வண்டி நீளம் பின்னால் இருந்தார்.

சூளகிரி தாண்டியதும் சாலை இறங்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை விட்டால்கூட வண்டி தானாக வழுக்கிக்கொண்டு போனது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், தருமபுரி என்று ஊர்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. தருமபுரிக்கு அப்பால் கண்ணாடியில் பார்த்தேன், கறுப்பு வண்டியைக் காணவில்லை. நின்றுவிட்டது என்று காரிலிருந்தவர்கள் கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

தொப்பூர் கணவாயில் இறங்கியபோது மீட்டரில் சார்ஜ் குறையவே இல்லை. ஒரு இடத்தில் ஒரு பாயின்ட் ஏறக்கூடச் செய்தது. சத்தமே இல்லாத வண்டி, காதில் காற்று மட்டும். அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

ஓமலூர் மேம்பாலத்துக்குச் சற்று முன்னால் நின்றது. நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கறுப்பு வண்டி நூற்றொன்று. இறங்கி நின்று சிரிக்கச் சொன்னார்கள். சொல்லவே வேண்டியதில்லை.

ஏஸில் திரும்பி வந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் அது முக்கி முனகிக்கொண்டு ஏறியது. பிரபாகர் அண்ணா ஜன்னல் வழியாக அந்த ஏற்றத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தோற்றவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 19

சார்ஜ் போடும் இடத்தில் பிரபாகர் அண்ணா வந்து நின்றார்.

“வினோ, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. வண்டியை மாத்தி ஓட்டிப் பாக்கலாமான்னு சார்கிட்ட கேளு. நான் நீலம், நீ கறுப்பு. சேலத்துல கிளம்பி இங்க வரணும்.”

“அதான் முடிஞ்சு போச்சேண்ணா.”

“உன்னை ரெண்டாக்கினா ஒரு நான் வருவேன். அதைக் கொஞ்சம் யோசி.”

இவ்வளவு நல்ல மனிதருக்கும் ஒரு பெண்ணிடம் தோற்பது தாங்கவில்லை. சாரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 11

வீடியோ வந்துவிட்டது. ‘நிஜ சாலை, நிஜ ரைடர்’ என்று என் முகத்துக்குக் கீழே பெரிய எழுத்து. பேருந்து நிலையம் எதிரே பேனரும் வைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்காதபோது போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கோழிக்குழம்பு. மூன்று கரண்டிச் சோற்றோடு நிறுத்திக்கொண்டேன். “என்னடி கொறிக்கிற?” என்று அக்கா திட்டினாள். நாளைக்கு எடை பார்ப்பார்கள் என்றேன்.

மாமா பழைய பைக்கை விற்றுவிட்டு நீல வண்டி வாங்குவது என்று முடிவே செய்துவிட்டார்.

“எனக்கு ஒரு நாளைக்கு லைன் முடிச்சு வர தொண்ணூறு கிலோமீட்டர் ஆகும். நூத்தி நாப்பது போகும்னா தாராளம். பின்னாடி பெட்டி கட்டுவேன். அதனால குறையுமா வினோ?”

“பத்து, இருபது குறையும் மாமா. அவ்வளவுதான்.”

“நீயே ஓட்டினியா?”

“நானேதான் ஓட்டினேன்.”

“அப்புறம் வேற யாரைக் கேக்கணும்?”

பத்து, இருபது என்று எங்கிருந்து சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஜூலை 21

சார் ரொம்ப பிஸி. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4

பிரபாகர் அண்ணா வேலையை விட்டுப் போய்விட்டார். சிப்காட்டில் மெக்கானிக் கடை போடுகிறாராம். போகும்போது எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். என்னுடையதை ஒரு பேப்பரில் மடித்து வைத்துக்கொண்டேன். பிறகு வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

மாமா வண்டி எடுத்துவிட்டார். மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, அக்காவைப் பின்னால் உட்கார வைத்துப் படம் அனுப்பியிருந்தார். ‘நம்ம வினோ ஓட்டிய வண்டி’ என்று கீழே எழுதியிருந்தார்.

ஆகஸ்ட் 27

மாமா போன் செய்தார். அஞ்செட்டி போய் வருவதற்குள் மீட்டர் பாதிக்குக் கீழே போய்விடுகிறதாம், இது சரிதானா என்று கேட்டார். புது பாட்டரி, கொஞ்ச நாளில் செட் ஆகிவிடும் என்றேன். கொட்டகையில் எல்லோரும் வாடிக்கையாளர்களுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

மாமாவுக்கு அடிபட்டுவிட்டது.

செப்டம்பர் 13

இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அந்த வண்டியில் முதல் தடவையாக நாட்றாம்பாளையம் வரைக்கும் போய்விட்டு, மிச்சமான பெட்டிகளோடு மாமா திரும்பியிருக்கிறார். அஞ்செட்டியில் மீட்டர் இன்னும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் போகும் என்று காட்டியிருக்கிறது. வீட்டுக்கு இருபத்துச் சொச்சம்தான். மலை ஏற ஏற அந்த எண் மளமளவென்று இறங்கியிருக்கிறது. காட்டுக்குள் வளைவில் வண்டி நின்றுவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது. யானை நடமாட்டம் இருக்கிற இடம், சிக்னல் கிடையாது. இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிடலாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறியிருக்கிறார். மேலிருந்து கல் ஏற்றி வந்த லாரிக்கு வளைவில் ஆள் தெரியவில்லை.

இடது கால். முட்டியும் அதற்குக் கீழும் நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று காலை மாமா நன்றாகக் கண் விழித்தார். அக்கா தலைமாட்டில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“வினோ, நான் ஆக்சிலேட்டரை ரொம்ப முறுக்கிட்டேனா?”

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“நீ ஓட்டினா ஓமலூர் வரைக்கும் போகுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? பெட்ரோல் வண்டி மாதிரியே முறுக்கிட்டேன் போல. அப்படித்தானே?”

“ஆமாம் மாமா,” என்றேன். “கொஞ்சம் முறுக்கிட்டீங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “எத்தனை தடவை சொல்லியிருப்பேன் மெதுவா போங்கன்னு” என்றாள்.

வலியில் இருக்கிறவரிடம் வேறு என்ன விளக்கம் சொல்ல முடியும்?

செப்டம்பர் 15

வேலைக்குப் போனேன். எடை நாற்பத்து மூன்றரை. சார் பார்த்துவிட்டு, “குட்” என்றார்.

செப்டம்பர் 16

தூங்க முடியவில்லை. மாமா எழுபத்தெட்டு கிலோ. பெட்டிகள் நாற்பது கிலோ இருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிரபாகர் அண்ணா கடைக்குப் போனேன். கையில் கிரீஸோடு வெளியே வந்தார். மாமாவுக்கு நடந்ததைச் சொன்னேன். ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சேலத்துல இருந்து ஓசூருக்கு ஓட்டிப் பாக்கணும்ணா. என் எடையில இல்ல, மாமா எடையில. வண்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்துட்டு வரேன். நீங்க பின்னாடி ஏஸ்ல வருவீங்களா?”

“வேலை போயிடும் பாப்பா.”

“தெரியும்.”

டீ சொன்னார். அவரே பன்னைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். எவ்வளவு நாளாகப் பசித்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று பன் தின்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பிரேக் சோதனை என்று பதிவில் எழுதிவிட்டு நீல வண்டியை வெளியே எடுத்தேன். ஏஸில் சேலம் கொண்டுபோய், பெட்ரோல் பங்க் ஒன்றில் கெஞ்சி முழு சார்ஜ் ஏற்றினோம். மணல் மூட்டைகளைச் சீட்டின் பின்பாதியிலும் பக்கவாட்டிலும் கட்டினார் பிரபாகர் அண்ணா. நானும் மூட்டைகளும் சேர்ந்து, மாமாவும் அவர் பெட்டிகளும் இருக்கும் எடை. வேகம் அதே நாற்பத்தைந்து.

ஓமலூர் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இரைக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இந்த வண்டியில் ஒரு சத்தமும் நான் கேட்டதில்லை. மீட்டர் எண்கள் ஒவ்வொன்றாக அல்ல, இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக இறங்கின. மாமாவும் இதையேதான் பார்த்துக்கொண்டு ஏறியிருப்பார். நான் பகல் வெளிச்சத்தில், பின்னால் ஆள் துணையோடு ஏறினேன்.

தருமபுரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. எழுபத்தோரு கிலோமீட்டர்.

இறங்கித் தள்ளிப் பார்த்தேன். மூட்டைகளோடு என்னால் நகர்த்தவே முடியவில்லை. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். பிரபாகர் அண்ணா போனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார்.

“கறுப்பு வண்டியும் இப்படித்தான் நின்னிருக்கும் பாப்பா. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வித்தியாசம் நீயும் நானும்தான்.”

செப்டம்பர் 30

சேலத்திலிருந்து ஓட்டிப் பார்த்த கணக்கை எழுதி சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

“சரியான டெஸ்ட்தாம்மா. ஆனா இது யாரும் கேக்காத டெஸ்ட். ஓட்டறவங்க இத்தனை கிலோ இருக்கணும்னு நம்ம வீடியோவுல எங்கயாவது சொன்னோமா? ஏத்தத்துல போகும்னு சொன்னோமா? ஓமலூர் போச்சு, காட்டினோம். ஒரு பொய்யும் இல்ல.”

“என்னை ஏன் சார் தேர்ந்தெடுத்தீங்க?”

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

“உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்? தினமும் மெஷின்ல ஏறி நின்னியே. சாப்பாட்டைக் குறைச்சியே. தெரியாமலா?”

வெளியே வந்தேன்.

அக்டோபர் 6

என்னை ஸ்டோருக்கு மாற்றியாகிவிட்டது. டெஸ்ட் கொட்டகையில் புதுப் பெண். எடை மெஷினில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 10

வேலையை விட்டுவிட்டேன். புதுப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “உங்க இடத்துக்கு நான் வந்தது உங்களுக்குக் கஷ்டமா இருக்குல்லக்கா?” என்றாள்.

அக்டோபர் 14

பிரபாகர் அண்ணா எங்கள் வீடியோவை யூட்யூபில் போட்டார். முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே வந்த கமெண்ட்டுகளில் பாதி, ‘பொண்ணுக்கு ஓட்டத் தெரியல’. கம்பெனி வீடியோவில் ஓமலூர் போனதும் இதே பெண்தான் என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன்.

வாசலிலேயே நீல வண்டி. ரிப்பேர் பார்த்து, துடைத்து, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். மாமா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அக்கா அடுப்படியில் இருந்தாள்.

உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

“மாமா, நீங்க ஆக்சிலேட்டரை முறுக்கல. நீங்க நல்லாத்தான் ஓட்டினீங்க. ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஓசூரிலிருந்து சேலம் வரைக்கும் இறக்கம் என்பதையும், நான் இருந்த எடையையும், கறுப்பு வண்டியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொன்னேன். மணல் மூட்டைகளைக் கட்டி ஓட்டியபோது வண்டி எங்கே நின்றது என்பதையும் சொன்னேன். இடையில் ஒரு தடவைகூட அழவில்லை.

மாமா முழுசாகக் கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

“என் மனசு நோகக் கூடாதுன்னு நீ ஓட்டின வண்டியையே மட்டம் தட்டறியா வினோ?”

“இல்ல மாமா, நிஜமாவே—”

“அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்திருப்பேன்! ஓமலூர்ல இறங்கி நின்னு சிரிக்கிற பாரு, அது பொய்ச் சிரிப்பா?”

“சிரிச்சது நிஜம்தான். ஆனா—”

“அப்புறம் என்ன? தப்பு என்னுதுன்னு எனக்குத் தெரியும். எனக்காக நீ வேலையை விட்டுட்டு வந்து நிக்கற, அதுதான் எனக்குப் பெரிய வேதனை. போய் சார்கிட்ட மன்னிப்புக் கேட்டு மறுபடி சேந்துக்க. நான் பொங்கல் கழிச்சு லைனுக்குப் போகப் போறேன். கியர் இல்லாத வண்டி, இந்தக் காலுக்கு அதுல வேலையே இல்ல. இந்தத் தடவை நீ சொன்ன மாதிரி மெதுவா முறுக்கறேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

சாப்பாடு போட்டாள். நான் கிளம்பியபோது, “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். கடைத்தெரு முழுக்க அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். ஓசூர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

“அவரு நம்பல. நான் நம்பறேன்.”

“அக்கா...”

“நீ ஆமான்னு சொன்னப்ப நானும் அங்கதான்டி நின்னேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மாசமா அவரைத் திட்டித் தீத்திருக்கேன். ஒழுங்கா ஓட்டத் தெரியாதா, குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட்டியேன்னு என்னென்னவோ சொல்லியிருக்கேன். ஒரு நாள்கூட எதுத்துப் பேசல அவரு. தப்பு பண்ணிட்டேன் சிவா, தப்பு பண்ணிட்டேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாரு. நான் கையை உதறிட்டுப் போவேன்.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர் பேரைக் கத்தினார்.

“அந்த வண்டியை நாளைக்கே வித்துடுவேன். அவரு என்ன சொன்னாலும் சரி.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஏறு.”

“பொங்கலுக்கு வரட்டுமாக்கா?”

“வேண்டாம்.”

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தபோது எட்டிப் பார்த்தேன். அக்கா நின்று பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்து, ஏறக்குறைய ஓட்டமாக, நடந்துகொண்டிருந்தாள்.